குசினியிலிருந்து சோமாலியாவுக்கு

பாசிக்குடாக் கடலில் இறங்கியவர்களுக்குத் தெரியும். கரையிலிருந்து நெடுந்தூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. நீந்தத் தெரியாத எனக்கே அங்கே நீச்சல்காரன் என்று நினைப்பு. அந்தத் துணிவோடுதான் டெலிபோன் விஷயத்திலும் இறங்கினேன்.

வாழைச்சேனைக் காகித ஆலையில் கணக்கெழுதி ஓய்வு பெற்ற பிறகு, வீட்டோடு ஒட்டி ஐந்து அறை கட்டி, விடுதி என்று பலகை மாட்டினோம். விடுதியை நடத்துவது மனைவி. பலகையைத் துடைப்பது நான். தங்க வந்த வெள்ளைக்காரருக்குத் தேத்தண்ணி வேண்டுமென்றால் குசினி வாசலில் வந்து நின்று சிரிப்பார். இவளும் சிரிப்பாள். தேத்தண்ணி போகும். சாப்பாடு ஆயத்தமென்றால் ஒரு தகரத் தட்டில் கரண்டியால் தட்டுவாள். ஒரு குறையும் இல்லை. ஆனால் கடற்கரையிலுள்ள பெரிய ஹோட்டல் ஒன்றில் அறைக்கு அறை போன் இருப்பதைக் கண்டு வந்த நாள்முதல் எனக்கு நித்திரை போய்விட்டது.

வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் தங்கச்சியின் மகன்தான் வழி காட்டினான். "எக்ஸ்சேஞ்ச் பெட்டி ஒண்டும் வாங்கத் தேவையில்ல மாமா. பழைய கம்ப்யூட்டர் ஒண்டு போதும். ஆஸ்டெரிஸ்க் சும்மா கிடைக்கும்." அலபாமாவில் மார்க் ஸ்பென்சர் என்ற இளைஞர், தன் சின்னக் கம்பெனிக்கு எக்ஸ்சேஞ்ச் வாங்கக் காசில்லாமல் 1999இல் தானே எழுதிய மென்பொருளாம் அது. காசில்லாதவன் செய்த பொருள் என்றதும் சொந்தக்காரன் வீட்டுப் பலகாரம் போல ஒரு நம்பிக்கை வந்துவிட்டது.

மாடிப்படிக்குக் கீழே, உமி மூட்டைக்குப் பக்கத்தில், பழைய கம்ப்யூட்டர் குடியேறியது. கைமாறி வந்த ஐபி போன்கள் ஏழு. எனக்கு 100, அறைகளுக்கு 101 முதல் 105 வரை, குசினிக்கு 106. ஒவ்வொன்றுக்கும் பாஸ்வேர்ட் வேண்டுமென்றது கம்ப்யூட்டர். 101க்கு 101, 102க்கு 102 என்று வைத்தேன். முப்பது வருடம் பேரேடு எழுதியவன் மூளை அப்படித்தான் ஓடும். மறக்கவே மறக்காது பாருங்கள்.

இந்தப் போனில் பேச்சு கம்பிவழி முழுசாகப் போவதில்லை. ஒரு செக்கனை ஐம்பது துண்டாக வெட்டி, துண்டுக்கொரு உறை போட்டு, முகவரி எழுதி அனுப்புகிறது. செக்கனுக்கு 64 கிலோபிட் பேச்சு. உறைகளையும் சேர்த்தால் 80ஐத் தாண்டும். இரண்டாம் அறைப் பொடியன் படம் பார்க்கத் தொடங்கினால் எங்கள் உறைகள் வழியில் சிக்கி, குரல் குடத்துக்குள்ளிருந்து வருவது போலக் கொப்பளிக்கும். அதைக் கேட்ட ஜெர்மன்காரர் ஒருவர், மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன் இதுதானா என்று கேட்டார். கல்லடிப் பாலத்தடியில், பூரணை இரவில், தோணியிலிருந்து துடுப்பைத் தண்ணீரில் விட்டுக் காதை வைத்தால் கேட்பது அது. நான் இல்லையென்று சொல்லவில்லை.

அத்தோடு நின்றிருக்கலாம். டொரொண்டோவிலிருக்கும் மகளுக்கும் ஒரு நம்பர் கொடுத்தால் தாயோடு செலவில்லாமல் பேசலாமே என்று தோன்றியது. பல்கலைக்கழக மருமகனுக்குச் சோதனைக் காலம். அவனை ஏன் கரைச்சல் படுத்துவான் என்று, யூடியூபில் ஒரு வீடியோ பார்த்து, ரவுட்டரில் 5060 என்ற கதவை உலகத்துக்கே திறந்துவிட்டேன். அன்றிரவு மகள் பேசினாள். தாய் அழுதாள். நான் மீசையைத் தடவிக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலை, எங்களுக்கு இணைப்புத் தரும் கம்பெனியிலிருந்து ஒரு பெண்பிள்ளை பேசினாள். சனி, ஞாயிறு இரண்டு இரவும் எங்கள் விடுதியிலிருந்து சோமாலியாவுக்கு ஓயாமல் கோல் போயிருக்கிறதாம். தொகையைச் சொன்னாள். ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை ஐந்து அறையையும் ஒரு நாள் விடாமல் நிரப்பினாலும் அது தேறாது.

பட்டியலை எடுத்துப் பார்த்தேன். எல்லாம் 106. குசினி.

இருபத்தெட்டு வருடத் தாம்பத்தியத்தில் மனைவியை நான் விசாரித்தது அன்றுதான். "சோமாலியாவில உனக்கு ஆரைத் தெரியும்?" என்றேன். அவள் தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை.

"இஞ்ச பாருங்க, அந்தப் போனைக் கழட்டி ரெண்டு மாசம். அந்த பிளக்கிலதானே கிரைண்டர் ஓடுது."

பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்தது. போன் அரிசி வாளிக்கு மேலே கிடந்தது, வயர் சுற்றியபடி. அதோடு, அதிகாலை இரண்டே காலுக்கு அதே 106இலிருந்து ஒரே நேரத்தில் நாலு கோல். நாலு வாய் வேண்டும். விசாரணையை அத்தோடு முடித்துக்கொண்டேன்.

மாலையில் மருமகன் மோட்டார்சைக்கிளில் வந்து, பதிவுகளைத் திறந்து காட்டினான். நான் கதவைத் திறந்த அன்றைக்கே தட்டத் தொடங்கிவிட்டார்கள். நூறு இருக்கா, நூற்றியொன்று இருக்கா, பாஸ்வேர்ட் இதா, அதா என்று ஆயிரக்கணக்கான வரிகள். தட்டியவன் தன் பெயரை 'ஃப்ரெண்ட்லி ஸ்கேனர்' என்று எழுதிவைத்திருந்தான். நட்பாம்! போன் முறைகளில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க உண்டாக்கிய கருவி ஒன்று தன்னை அப்படித்தான் அறிமுகம் செய்துகொள்ளுமாம். திருடனும் அதையே தூக்கிக்கொண்டான். நிஜப் போன் கழன்று கிடந்ததால் 106 என்ற பெயரில் அவன் பதிந்துகொண்டதை வீட்டில் ஒருவரும் கவனிக்கவில்லை.

"சோமாலியாவில ஆரும் பேசினவங்களா?" என்று கேட்டேன்.

"பேச்சே இல்ல மாமா." நிமிடத்துக்கு அநியாய விலை வைத்த நம்பர்களை முதலிலேயே வாடகைக்கு எடுத்துவைத்து, அடுத்தவர் வீட்டுப் போனிலிருந்து அவற்றுக்குத் தாங்களே அடிப்பார்களாம். கட்டணத்தில் பங்கு அவர்களுக்கு வரும். பில் நமக்கு. சனி ஞாயிறு என்றால் கவனிக்க ஆளில்லை. அமெரிக்காவில் ஜோர்ஜியா மாநிலத்தில் ஏழே பேர் வேலை செய்யும் கட்டடக்கலை அலுவலகம் ஒன்றுக்கு 2014இல் ஒரே வார இறுதியில் 1,66,000 டொலர் பில் வந்ததாம். காம்பியா, சோமாலியா, மாலைதீவு. கேட்டதும் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. சோமாலியாவிலாவது நானும் அமெரிக்கனும் ஒன்று.

மருமகன் 5060ஐ மூடினான். மகளுக்கு விபிஎன் என்று ஒரு சுரங்கப்பாதை வெட்டினான். வெளிநாட்டுக் கோலை அடியோடு நிறுத்தி, இனி முற்பணம் கட்டிய அளவுக்குத்தான் பேச்சு என்று கம்பெனியோடு ஏற்பாடு செய்தான். மூன்று தரம் பாஸ்வேர்ட் பிழைத்தால் அந்த முகவரியையே துரத்திவிடும் காவல்காரன் ஒன்றையும் வைத்தான். ஃபெயில்டுபேன் என்று பெயர். ஒவ்வொரு போனுக்கும் இருபது எழுத்தில் பாஸ்வேர்ட் எழுதித் தந்து, "மெதுவாப் பார்த்து அடியுங்க மாமா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

போன் பொத்தானில் ஆங்கில எழுத்து அடித்திருக்கிறீர்களா? 'எஸ்' வேண்டுமானால் 7ஐ நாலு தரம் அமத்த வேண்டும். மூன்றோடு கை நின்றால் 'ஆர்'. பெரிய எழுத்தென்றால் முதலில் வேறொரு பொத்தான். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு வந்தால் எத்தனையாவது எழுத்தில் நின்றோம் என்பது மறந்திருக்கும். 101 மூன்று தரம் பிழைத்தது. 102ம் பிழைத்தது. இருட்டுவதற்குள் ஒரு போனும் மிச்சமில்லை.

மருமகனைக் கைபேசியில் பிடித்து, "டேய், திரும்பவும் தாக்குறானுகள்" என்று கத்தினேன். அவன் தூரத்திலிருந்தே சுரங்கப்பாதை வழியாக வந்து, துரத்தப்பட்டவர்களின் பட்டியலைப் பார்த்தான். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"மாமா, ஆறு பேர் பிடிபட்டிருக்கானுகள். ஆறும் உங்கட வீட்டுப் போன்தான்."

குசினியில் தகரத் தட்டில் கரண்டி விழும் சத்தம் கேட்டது. மூன்றாம் அறைக்காரர் சறத்தை இறுக்கிக்கொண்டு முதல் ஆளாகப் போனார்.