விஷக்கல் விஷத்தை உறிஞ்சுமா?

கேள்வி: எட்டயபுரம் பக்கம் பாம்பு கடித்தவர்களை விஷக்கல் வைத்துப் பிழைக்க வைத்ததாகச் சொல்கிறார்களே, உண்மையா?

பதில்: விஷக்கல் என்பது பெரும்பாலும் கருக்கிய மாட்டெலும்பு. அதன் நுண்துளைகள் ஈரத்தை இழுப்பதால் புண்ணில் ஒட்டும், நனைந்ததும் விழும். சதைக்குள் இறங்கிவிட்ட விஷம் தோலின்மேல் இருக்கும் எலும்பைத் தேடித் திரும்பி வருவதில்லை.

பிழைத்தவர்கள் பிழைத்தது எப்படி? சாரைக்கு விஷமே கிடையாது. நல்ல பாம்பும் விரியனும்கூடச் சில வேளை விஷம் இறக்காமல் கடிக்கும். கல் வைக்காவிட்டாலும் பிழைத்திருப்பார்கள். பேர் மட்டும் கல்லுக்குப் போய்விட்டது.

கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் எட்டயபுரத்துக் கரிசல் மண் எலிக்கும் பாம்புக்கும் நல்ல ஒதுங்குமிடம். அங்கே கடிப்பது விஷப் பாம்பாக இருந்தால் கல்லை நம்ப முடியாது. கண்ணாடி விரியனின் விஷம் ரத்தம் உறையும் தன்மையைக் குலைத்து, சிறுநீரகத்தையும் கெடுக்கும். சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்த ரத்தம் 20 நிமிடத்தில் உறைகிறதா என்று மருத்துவர் பார்ப்பது இதனால்தான். கட்டுவிரியன் கடி இன்னும் கொடியது: வலி குறைவு, தடமும் சரியாகத் தெரியாது. இரவில் கடிபட்டவர் விடிவதற்குள் மூச்சுவிட முடியாமல் போகலாம். கல்லை ஒட்டவைத்துக் காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் உயிரிலிருந்து கழிகிறது.

இந்தப் பாம்புகளின் விஷத்தை முறிப்பது குதிரை ரத்தத்திலிருந்து எடுக்கும் விஷமுறிவு மருந்து. அதைத் தயாரிக்கத் தேவைப்படும் விஷத்தைச் சேகரிக்கும் அமைப்புகளில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் முக்கியமானது. கடிபட்டவர் கீறாமல், இறுக்கிக் கட்டாமல், கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.