கொடையில் சிறந்த குத்தகைக்காரர்கள்

குளிரில் மயில் நடுங்குகிறது என்று தன் போர்வையைக் கழற்றிக் கொடுத்தவன் பேகன். அவனும் மலைநாட்டுக்காரன்தான். ஆனால் படம் பிடிக்க ஆள் இல்லாமல் அந்தக் கொடையைச் செய்துவிட்டான். இரண்டாயிரம் ஆண்டாகப் புலவர்கள் சொல்லித்தான் நமக்குத் தெரிய வேண்டியிருக்கிறது. இலங்கையின் தேயிலை மலைநாட்டு அக்கரப்பத்தனையில் அந்தத் தவறு நடக்காது. இங்கே ஒரு கம்பளி கைமாற வேண்டுமென்றால் முதல்நாளே பதாகை கட்டியாகிவிடும். தோட்டத்துத் துரை வருவார். கொழும்பிலிருந்து அவருக்கும் பெரிய துரை வருவார். அவருக்கு முன்னால் கமரா வந்துவிடும். கம்பளியின் ஒரு முனையைக் கொடுப்பவரும் மறுமுனையை வாங்குபவரும் பிடித்துக்கொண்டு, இருவருமே கம்பளியைப் பார்க்காமல் நிற்பார்கள். "கொஞ்சம் சிரிங்கம்மா" என்று ஒரு குரல் வரும். அந்த அம்மாவும் சிரிப்பார். அன்றைக்கு அரைநாள் வேலைக்கான பேராவது விழுமா என்று மனதுக்குள் கணக்குப் பார்த்துக்கொண்டே சிரிப்பது எவ்வளவு பெரிய கலை!

பேகனிடம் இன்னொரு குறையும் இருந்தது. மயிலுக்கு இரங்கியவன் வீட்டிலிருந்த மனைவி கண்ணகியை மறந்துவிட்டான். கபிலரும் பரணரும் அவன் வாசலுக்குப் போய், பரிசில் எதுவும் வேண்டாம், முதலில் அவளிடம் போ என்று இரக்க வேண்டியதாயிற்று. நம் தோட்டக் கம்பனிகள் முன்யோசனை உள்ளவை. அப்படிக் கேட்கக்கூடிய புலவர்களை முன்கூட்டியே சம்பளத்துக்கு அமர்த்தி ஆண்டறிக்கை எழுத வைத்துவிடுகின்றன.

'நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு' என்ற பெரிய சொல்லுக்கு உலகம் பல பாடப்புத்தகங்கள் எழுதியிருக்கிறது. 1953இல் ஹோவார்ட் போவன் எழுதினார். 1970இல் பொருளியலாளர் மில்டன் ஃப்ரீட்மன், வியாபாரத்தின் சமூகப் பொறுப்பு இலாபத்தைப் பெருக்குவதுதான் என்று நியூயோர்க் பத்திரிகையொன்றில் வாதாடினார். பாவம், அவர் டயகமத் தோட்டப் பக்கம் வந்திருந்தால் பொறுப்பிலிருந்தே இலாபம் பறிக்கலாம் என்று தெரிந்துகொண்டிருப்பார். 1991இல் ஆர்ச்சி கரோல் ஒரு கூம்பகம் வரைந்தார். அடியில் சம்பாதிப்பது, அதன்மேல் சட்டத்தை மதிப்பது, அதன்மேல் நியாயமாக நடப்பது, உச்சியில் தான தருமம். படிப்படியாக ஏற வேண்டும் என்பது அவர் எண்ணம். செங்குத்து மலையில் கீழிருந்து மேலே ஏறுவது கொழுந்துக் கூடை சுமப்பவர்களின் வேலை. கம்பனிகள் நேரே உச்சியில் போய் இறங்கிக்கொள்ளும்.

இந்தியாவில் இதற்குச் சட்டமே போட்டுவிட்டார்கள். 2013ஆம் ஆண்டுக் கம்பனிச் சட்டத்தின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் முந்திய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 2 வீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும். எவ்வளவு மட்டமான ஏற்பாடு! சட்டத்துக்குப் பயந்து கொடுத்தால் அது கொடையா? இலங்கையில் அப்படியொரு கட்டாயம் இல்லை. எனவே இங்கே கொடுப்பதெல்லாம் நெஞ்சிலிருந்து வருகிறது. சட்டம் ஏற்கெனவே கொடுக்கச் சொன்னதையும் நெஞ்சிலிருந்தே எடுத்துக் கொடுப்பதுதான் எங்கள் வள்ளல்களின் தனிச்சிறப்பு.

பிள்ளைக் காம்பராவை எடுத்துக்கொள்ளுங்கள். தாய்மார் மலைக்குப் போனதும் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம். தோட்டத்துக் கடமைகள் பலவற்றுக்கு அப்போதே சட்டம் இருந்தது. பாடசாலைக்கு 1907ஆம் ஆண்டுச் சட்டம். மருந்துக்கு 1912ஆம் ஆண்டுச் சட்டம், பிள்ளைப்பேற்று உதவிக்கு 1939ஆம் ஆண்டுச் சட்டம். வெள்ளைக்காரத் துரைமார் இவற்றையெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே செய்தார்கள். செய்வது கடமை என்று நினைத்ததால் அதற்குப் பெயர் வாங்கத் தெரியவில்லை. இன்றைய நிர்வாகத்துக்குத் தெரிகிறது. பழைய காம்பராவின் சுவரில் ஒரு வண்ணத்துப்பூச்சியும் ஒரு முயலும் வரையப்படும். வாசலில் நாடா வெட்டப்படும், கல்வெட்டுப் பதிக்கப்படும். பல பத்தாண்டுக் கடமை ஒரே காலையில் 'சமூக முதலீடு' ஆகிவிடும். கூரைத்தகரத்தில் ஓட்டை இருந்தால் என்ன, ஆண்டறிக்கைப் படத்தில் கூரை விழுவதில்லை.

பொறுப்புக் குறையக் குறைய அதைப் பற்றிய பக்கங்கள் கூடிக்கொண்டே போவதும் வியப்புத்தான். தோட்டப் பாடசாலைகளை 1977இலிருந்து அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது. வைத்தியசாலைகளும் ஒவ்வொன்றாக அரசின் கைக்குப் போயின. தனி வீடுகளை இந்திய அரசு கட்டித் தருகிறது. முதலில் 4,000 வீடு, பிறகு 2017 மே மாதம் நோர்வூட்டில் நரேந்திர மோடி அறிவித்த 10,000 வீடு. கோயில் திருவிழாவுக்கு வரிப்பணம் தொழிலாளியே கொடுக்கிறார். மிச்சம் இருப்பது பாதை. பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்படும் வரை, தோட்டத்துக்குள் சபை நிதியைச் செலவழிக்கவே இடைஞ்சல் இருந்தது. அக்கரப்பத்தனைக்குத் தனியாக ஒரு பிரதேச சபை கிடைத்ததும் அதே 2018இல்தான். அதுவரை தோட்டப் பாதை முழுக்க முழுக்கக் கம்பனியின் அன்பிலேயே கிடந்தது. அவர்கள் அதை இயற்கை நிலையிலேயே பேணினார்கள். பள்ளத்துக்கு ஒரு குளம் வீதம் மழைநீர் சேமித்தார்கள். பிரசவ வலியெடுத்த பெண்ணைக் கொழுந்து லொறியில் ஏற்றி அந்தக் குளங்களைக் கடந்து போனவர்களுக்குத்தான் அந்தச் சுற்றாடல் சேவையின் முழு அருமை தெரியும்.

தேயிலைப் பெட்டிக்குப் பச்சைத் தவளை முத்திரை வந்த கதையையும் பாராட்டாமல் விடக்கூடாது. ரெயின்பொரஸ்ட் அலையன்ஸ் போன்ற சான்றிதழ்காரர்கள் பொதுவாகச் சொல்லிவிட்டுத்தான் வருவார்கள். சொல்லாமல் வருவது மரியாதையா? அவர்கள் வரும் கிழமையில் மலையில் கையுறை முளைக்கும், குடிதண்ணீர்ப் போத்தல் முளைக்கும், மருந்தடிப்பவர் முகத்தில் கவசம் முளைக்கும். அவ்வளவு வளமான மண். அவர்கள் போனதும் எல்லாம் பத்திரமாக அலுமாரிக்குள் போய்விடும், அடுத்த வருகைக்குத் தேவைப்படுமே. தவளை பெட்டிக்கு, அட்டை காலுக்கு.

ஐக்கிய நாடுகள் சபை 2015இல் பதினேழு இலக்குகளை வகுத்தது. அவற்றைப் பதினேழு நிறக் கட்டங்களாக அறிக்கையின் ஓரத்தில் அடுக்கும் வழக்கம் வந்துவிட்டது. ஒரு புத்தகப்பை கொடுத்தால் கல்வி என்ற கட்டம் நிறையும். வாங்கியது ஏழைப் பிள்ளை, ஆகவே வறுமை ஒழிப்பு. பெண்பிள்ளை, ஆகவே பால்சமத்துவம். பையைத் தைத்தவருக்குக் கூலி கிடைத்திருக்கும், ஆகவே கண்ணியமான வேலை. உள்ளே ஒரு பிஸ்கட் பக்கெட் வைத்துவிட்டால் பசியும் தீர்ந்தது. ஒரே பையில் ஐந்து இலக்கு! நியூயோர்க்கில் இருப்பவர்களுக்கு இந்தச் சிக்கனம் வராது.

இனிக் கூலிக்கு வருவோம். வள்ளல்களின் வரலாற்றில் இதுதான் பொன்னேடு. நாட்சம்பளமாக ஆயிரம் ரூபா கேட்டு மலையகம் பல ஆண்டுகள் பதாகை பிடித்தது. 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை வழியாக அது வந்தது. வருவதற்குள் ஆயிரம் ரூபாவின் பெறுமதி மெலிந்துவிட்டிருந்தது. பொறுமை என்னும் பண்பை மக்களுக்கு இலவசமாகப் பயிற்றுவித்த அந்த ஆண்டுகளை எந்த அறிக்கையும் 'திறன் வளர்ப்பு' என்ற தலைப்பில் சேர்க்கவில்லை. அத்தனை அடக்கம்.

2024 மே தினத்தன்று கொட்டகலையில், நாட்சம்பளம் 1,700 ரூபா என்று அன்றைய ஜனாதிபதி அறிவித்தார், வர்த்தமானியும் வந்தது. சட்டத்தின் மீது கம்பனிகள் வைத்திருக்கும் மதிப்பு அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. நேரே நீதிமன்றத்துக்குத்தான் போனார்கள். யூலை 4ஆம் திகதி உயர் நீதிமன்றம் அந்த வர்த்தமானியை இடைநிறுத்தியது. செப்டம்பரில் 1,350 என்று முடிந்தது. குறைந்தது 350 ரூபாதான், பெரிய துரையின் ஒரு வேளைத் தேநீருக்கும் காணாது. மாதம் 20 பேர் விழும் ஒருவருக்கு அது 7,000 ரூபா, ஆண்டுக்கு 84,000. இதற்கு ஈடாக ஆண்டில் ஒரு நாள் அவருடைய பிள்ளைக்குப் புத்தகப்பை கிடைக்கிறது. அந்தப் பையைச் சும்மா தோளில் மாட்டக்கூடாது, வங்கிப் பெட்டகத்தில் வைக்க வேண்டும்.

2026 ஜனவரியில் நாட்சம்பளம் 1,750 ஆயிற்று. அதில் 200 ரூபா வரவுக் கொடுப்பனவு, அதை அரசு தருகிறது. கம்பனிகளின் பெருந்தன்மை இப்போது வரி கட்டும் அனைவருக்கும் பங்கு கொடுக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. ஹோல்புரூக் கடையில் சவர்க்காரம் வாங்கும்போது 18 வீத பெறுமதி சேர் வரியைச் சேர்த்தே கொடுக்கிற கொழுந்துக்காரப் பெண்ணும் அந்த 200இல் பங்காளி. தன் கூலிக்குத் தானே கொடையாளி! இதைவிட ஒரு பெண்ணுக்கு வலுவூட்டல் என்ன இருக்கிறது?

கொழுந்து நிறுக்கும் இடத்திலும் நீதி தவறாது. கூடையின் பாரத்துக்கு ஒரு கழிவு, இலையின் ஈரத்துக்கு ஒரு கழிவு. தென்மேற்குப் பருவமழை இறங்கினால் அக்கரப்பத்தனை மலையில் ஈரமில்லாத பொருள் எதுவும் கிடையாது. வானத்துத் தண்ணீருக்குக் கம்பனி ஏன் சம்பளம் கொடுக்க வேண்டும்? அதே தண்ணீர் தலையில் போட்ட கம்பளியிலும் இடுப்பில் கட்டிய படங்கிலும் ஊறி நாலு கிலோ கனத்தால், அதைச் சுமப்பது அவருடைய சொந்த விவகாரம். கழித்த கிலோக்கள் தூக்கியெறியப்படுவதில்லை, வீண்விரயம் கம்பனிக்குப் பிடிக்காது. அவையும் ஸ்டோருக்குப் போய், வாடி, உருண்டு, கறுத்துக் கொழும்பு ஏலத்துக்குப் போகின்றன. டிம்புள்ளை உயர்நிலத் தேயிலை அல்லவா, நல்ல விலை போகும். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பதைப் பழமொழி கேலி செய்கிறது. பிள்ளையாரே தேங்காய் பறித்துக் கொடுத்து, அவருக்கே உடைத்து, அவரையே நன்றி சொல்ல வைத்த சாமர்த்தியத்தைப் பழமொழி கண்டதில்லை.

இந்தக் கொடைகளின் பலனையும் சொல்லத்தான் வேண்டும். 2019ஆம் ஆண்டு அரசாங்கக் கணக்கெடுப்பில் நாட்டின் வறுமை வீதம் 14.3, தோட்டப்புறத்தில் 33.8. 2016ஆம் ஆண்டுச் சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17.3 வீதம், தோட்டத்தில் 31.7 வீதம். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் பிள்ளைகள் அளவோடு வளர்வது வசதிதானே என்று எந்த அறிக்கையும் எழுதவில்லை. எழுதியிருந்தால் பதினோராம் இலக்கின் கீழே, தங்குமிடத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்துதல் என்று ஒரு கட்டம் நிறைந்திருக்கும்.

நன்றி கெட்டவர்களும் இருக்கிறார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்று, "கம்பளி வேணாம், கூலியக் குடுங்க, கம்பளிய நாங்களே வாங்கிக்கிறோம்" என்று முனகுகிறார்கள். இவர்களுக்கு வள்ளல்தன்மை புரிவதில்லை. கூலியைச் சரியாகக் கொடுத்துவிட்டால் பிறகு யாருக்குக் கம்பளி கொடுப்பது? இல்லாதவர் இருந்தால்தானே ஈகை செழிக்கும்? வாங்கும் கைகளை இப்படித் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வைத்திருப்பதே கொடைக்குச் செய்யும் பெருந்தொண்டு.

தோட்டங்களைக் கம்பனிகள் 1992இல் பொறுப்பேற்றபோது தொடக்க ஆண்டுகளில் ஒரு தோட்டத்துக்குக் குத்தகை ஆண்டுக்கு 500 ரூபா. குத்தகைக் காலம் 53 ஆண்டு, 2045 வரை. அவ்வளவு காலத்துக்கும் இந்த ஈகை தொடரும் என்ற நம்பிக்கையில் ஒரு சிறு வேண்டுகோள் வைக்கிறேன். அடுத்த ஆண்டறிக்கையில் புத்தகப்பை வாங்கும் பிள்ளையின் படத்தைப் போடுங்கள். எதிர்ப்பக்கத்தில் அந்தப் பிள்ளையின் தாயுடைய சம்பளத் துண்டை, பெயரை மட்டும் மறைத்து, அப்படியே அச்சிடுங்கள். எத்தனை பேர் விழுந்தது, எத்தனை கிலோ கழிந்தது, பிடித்தது போகக் கைக்கு வந்தது எவ்வளவு. அந்த ஒரு பக்கத்தையாவது தமிழில் போடுங்கள். உங்களை வாழ்த்த வேண்டியவர்கள் அதை வாசித்துவிட்டு வாழ்த்தட்டும்.