டிக்கெட் போடும் காலம்: ஒரு நத்தத்து ஆராய்ச்சி

குடும்பத்தோடு விமானத்தில் ஊர் சுற்ற எப்போது டிக்கெட் போட வேண்டும் என்பது பற்றி நம் இலக்கண நூலார் ஒன்றும் சொல்லவில்லை. பெரும்பொழுதை ஆறாகப் பிரித்ததோடு நிறுத்திக்கொண்டார்கள். அன்று தலைவன் பொருள்வயிற் பிரிந்தான். இன்று டிக்கெட் போட்டதும் பொருள்தான் தலைவனைப் பிரிகிறது. ஆகவே அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. குறை நம் ரயில் புத்தியில்தான். நம் ஊரான நத்தத்தில் ரயில் நிலையம் கிடையாது. திண்டுக்கல் போய் ஏறிப் பழகியவர்கள் நாம். ரயிலுக்கு 60 நாள் முன்பு (2024 நவம்பருக்கு முன் 120) முன்பதிவு திறக்கும். பிந்தினால் இடம் போகும். விலை பெரும்பாலும் அப்படியே நிற்கும். மதுரை விமானத்திலோ இடம் இருக்கும், விலைதான் இருக்காது.

காரணம் எளிது. கேப்டன் கோபிநாத்தின் ஏர் டெக்கான் 2003இல் பறக்கத் தொடங்கி, பிறகு ஒரு ரூபாய் டிக்கெட்டும் விற்றது. எல்லா இருக்கையும் ஒரு ரூபாயல்ல, சிலவே. இன்றும் முறை அதுதான்: ஒரே மாதிரி இருக்கைகளைப் பல விலைக் கட்டுகளாகப் பிரித்து, மலிவுக் கட்டு தீர்ந்ததும் அடுத்ததை அவிழ்க்கிறார்கள். 3,500 ரூபாய்க் கட்டில் மூன்று இருக்கைதான் மிச்சம், அடுத்த கட்டு 4,200 என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பேருக்குச் சேர்த்துத் தேடினால், ஐந்தும் ஒரே கட்டில் கிடைக்க வேண்டும் என்பதால் ஐவருக்கும் 4,200 காட்டுவதே வழக்கம். அதாவது, கடைசியாகச் சேர்ந்த சித்தப்பா தன் டிக்கெட்டுக்கு மட்டும் செலவு வைப்பதில்லை. எல்லோர் டிக்கெட்டையும் ஏற்றிவிடுகிறார். எனவே டிக்கெட் போடும் காலத்தைப் பயண நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுவது பிழை; பயணச் சேதி சித்தப்பாவை எட்டும் நாளிலிருந்தே எண்ண வேண்டும்.

தேதி முடிவாகாமல் எப்படிப் போடுவது என்பர். நத்தத்தில் தேதி எப்போதோ முடிவாகிவிட்டது. மாசியில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியவர் ஊரை விட்டு அசையமாட்டார். பள்ளி விடுமுறையில் தோப்புக்காரருக்கு மாங்காய். தீபாவளி நெருங்கினால் ரெடிமேட் சட்டை தைப்பவருக்கு மூச்சுவிட நேரமில்லை. மிஞ்சும் நாலு நாளை ஒரு வருடம் முன்பே விரல்விட்டு எண்ணலாம். மாறிக்கொண்டே இருப்பது தலைக்கணக்கு ஒன்றுதான். அதை மாற்றுவதும் பெரும்பாலும் ஆதார். பெயரின் எழுத்து பிசகக் கூடாதென்று வாட்ஸ்அப் குரூப்பில் “ஆதார் போட்டோ அனுப்புங்க” என்று கேட்ட மறுநிமிடம் பயண ரகசியம் முடிந்தது. அட்டைகளைப் பொங்கலுக்கே வாங்கி வைத்துக்கொள்வது உத்தமம். கேட்டால் ரேஷன் கடைக்கு என்று சொல்லலாம்.

செவ்வாய்க்கிழமை நள்ளிரவில் மலிவு என்றொரு கட்சி உண்டு. விலைக் கட்டு கிழமை பார்ப்பதில்லை. ராகுகாலம் பார்ப்பவர்கள் உண்டாக்கிய கொள்கை போலிருக்கிறது. மூன்றும் இரண்டுமாகப் பிரித்துப் போடலாமே என்பது இன்னொரு கட்சி. இதில் கணக்கு இருக்கிறது: மேற்சொன்ன உதாரணத்தில் 21,000 ரூபாய் 18,900 ஆகும். விமானம் ரத்தானால் இரண்டு பி.என்.ஆரையும் தனித்தனியே துரத்த வேண்டும் என்பது சிறு தொல்லை. பெரிய தொல்லை, விலை கூடிய அந்த இரண்டில் யார் பெயரைப் போடுவது என்பது. மாமியார் பெயரைப் போட்டால், விலை அம்மாவுக்குத் தெரியக் கூடாது. அம்மா பெயரைப் போட்டால், மனைவிக்கு.