கமிட்டியின் முடிவே இறுதியானது

கபடிப் போட்டி நோட்டீஸில் சில வரிகளை அச்சகக்காரர் நாம் கேட்காமலே கோத்துவிடுவார். முதல் பரிசு வழங்குபவர், இரண்டாம் பரிசு வழங்குபவர், கோப்பை உபயம், பந்தல் உபயம் எல்லாம் முடிந்ததும் அடியில் தடித்த எழுத்தில்: ‘கமிட்டியின் முடிவே இறுதியானது.’ எண்பதுகளில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் டவுசர் போட்டுத் திரிந்த எங்களுக்கு அரசியல் சாசனத்துக்கு முன்பே அறிமுகமான சட்ட வாசகம் இதுதான்.

கமிட்டி என்பது நாலு பேர். ரைஸ் மில்காரர், மைக் செட்காரர், பள்ளிக்கூடத்து பி.டி. வாத்தியார், அந்த வருஷம் அதிகம் நன்கொடை கொடுத்தவர். நியாயம் வழங்க அவர்களிடம் இரண்டு கருவிகள் இருந்தன: ஒரு தராசு, ஒரு சொம்பு.

தராசு, மில்லில் நெல் மூட்டை நிறுப்பது. 55 கிலோ பிரிவு என்றால் வெளியூர்ப் பையன்கள் முதல் நாள் ராத்திரியிலிருந்தே பட்டினி கிடந்து வருவார்கள். அப்படியும் முள் கொஞ்சம் தாண்டினால் மில்லைச் சுற்றி ஓடவிட்டு, வியர்வை வடியவைத்து, மறுபடியும் ஏற்றுவார்கள். உள்ளூர்ப் பையன் ஏறி முள் தாண்டினால் கமிட்டியே குனிந்து பார்த்துவிட்டுச் சொல்லும்: “இப்பத்தான் சாப்ட்டுட்டு வந்திருக்கான். சோத்து எடையக் கழிச்சிக்குங்க.”

சொம்பு, யார் யாரோடு மோதுவது என்று சீட்டுக் குலுக்க. கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் அணிப் பெயர்களைச் சீட்டில் எழுதுகிற வேலை எனக்கு வரும். அணிகள் ஒற்றைப்படையில் வந்தால் கடைசியாகத் தங்குகிற சீட்டுக்கு ‘பை’. ஆடாமலே அடுத்த சுற்று. எங்கள் ஊர் அணிக்கு ‘பை’ விழாத வருஷம் எனக்கு நினைவில்லை. இதில் மாயமில்லை. சொம்பை அப்போதுதான் கழுவிக் கொண்டுவருவார்கள். முதல் சீட்டாக எங்கள் அணியைப் போடுவார்கள். ஈரத்தில் அது அடியில் அப்பிக்கொள்ளும். பிறகு கூட்டத்திலிருந்து ஒன்றும் அறியாத ஒரு குழந்தையைக் கூப்பிட்டுச் சபை முன்னால் எடுக்கச் சொல்வார்கள். குழந்தைமேல் யார் சந்தேகப்படுவது?

கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்துப் பையன்கள், கச்சிராயபாளையம் வழியாக பஸ் பிடித்து இறங்குவார்கள். கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், முதல் ஆட்டம் கொடுங்கள் என்று கெஞ்சுவார்கள். சொம்பு அவர்களுக்கு நடுராத்திரி ஆட்டத்தையே கொடுக்கும். வைக்கோலில் படுத்திருந்து எழுந்து ஆடுவார்கள், ஜெயிப்பார்கள், அடுத்ததிலும் ஜெயிப்பார்கள். அதுவரை ‘பை’ வாங்கிய எங்கள் ஆட்கள் டீ குடித்து உட்கார்ந்து உடம்பு ஆறிப்போயிருப்பார்கள். உடம்பு சூடேறிய மலைப் பையன்கள் எதிரே இறங்கியதும் பத்து நிமிஷத்தில் கதை முடியும். பிறகு கோட்டைத் தொட்டானா தொடவில்லையா என்று தகராறு. கமிட்டியின் முடிவு இறுதியானதுதான். ஆனால் கமிட்டியின் சட்டைக்காலர் எல்லோர் கைக்கும் எட்டுகிற உயரத்தில் இருந்தது.

ஊரைத் தாண்டினால் மாவட்ட அணித் தேர்வு. அப்போது நாங்கள் தென்னாற்காடு, தலைநகர் கடலூர். விடியற்காலை பஸ் ஏறிப் போன எங்கள் பையன் சாயங்காலம் வாடிய முகத்தோடு இறங்கினால், கேட்காமலே ஊர் தீர்ப்பு எழுதிவிடும்: “கடலூர்க்காரங்களே போட்டுக்கிட்டாங்க.” 1993இல் விழுப்புரம் தனி மாவட்டம் ஆனது. தூரம் குறைந்தது; வாசகத்தில் ஊர்ப் பெயர் மட்டும் மாறியது: “விழுப்புரத்துக்காரங்களே போட்டுக்கிட்டாங்க.” 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சியே மாவட்டத் தலைநகர். இன்றைக்கு முதலமைச்சர் கோப்பைக்கு ஆன்லைனில் பதிவு, கையில் வருகிற மெசேஜ், எல்லாம் நடக்கிற தூரத்தில். இப்போது சங்கராபுரத்திலும் சின்னசேலத்திலும் மலையிலும் டீக்கடைகளில் காது கொடுத்தால் கேட்கிறது: “கள்ளக்குறிச்சி டவுன்காரங்களே போட்டுக்கிட்டாங்க.” தலைநகர் என்ற அந்தஸ்து எங்களுக்கு முழுமையாக வந்து சேர்ந்தது அன்றுதான்.

எங்கள் தெருவின் பெயரை நாடு முழுக்க அறிந்தது 2024 ஜூனில், கள்ளச்சாராயச் சாவுகளால். அது இந்த மாதிரிக் கட்டுரையில் எழுதுகிற விஷயமல்ல. அதற்கு ஒரு மாதம் முன்பு, மே 18 அன்று, நாங்கள் சாதாரணக் கவலையில் இருந்தோம்: நெட் ரன் ரேட். சின்னசாமி ஸ்டேடியத்தில் பெங்களூரு 218. சென்னை ஜெயிக்க வேண்டும் என்றுகூட இல்லை. 201 எடுத்துத் தோற்றாலே பிளே ஆஃப் போகலாம். தோற்று உள்ளே போவது என்கிற இந்த நுட்பத்தை எங்கள் பழைய கமிட்டிகூட யோசித்ததில்லை. டீக்கடையில் பத்தாம் வகுப்புக் கணக்கில் தவறியவர்கள் எல்லாம் தசமப் புள்ளியில் பேசினார்கள். ஓவருக்கு நாம் எடுத்த சராசரியிலிருந்து கொடுத்த சராசரியைக் கழிக்க வேண்டும். நடுவில் ஆல் அவுட் ஆனாலும் 20 ஓவர் ஆடியதாகவே வைக்க வேண்டும். கடைசி ஓவரில் 17 தேவை. தோனி முதல் பந்தை மைதானத்துக்கு வெளியே அனுப்பினார். அடுத்த பந்தில் அவுட். சென்னை 191.

அட்டவணையில் நாலு அணிகள் ஆளுக்கு 14 புள்ளி. பெங்களூருவுக்கு 0.459, சென்னைக்கு 0.392. வித்தியாசம் 0.067. சோத்து எடையைக் கழித்ததில் வந்ததல்ல, கம்ப்யூட்டர் சொன்னது. டீக்கடையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கோபம் இல்லாமல் இல்லை. யார்மேல் வைப்பது என்று தெரியவில்லை. தசமப் புள்ளிக்குச் சட்டைக்காலர் கிடையாது. நேர்மை கூடக்கூட, சண்டை போட ஆள் குறைந்துகொண்டே போகிறது.

அதற்காக இறுதி முடிவு இறுதியாகிவிட்டதா என்றால் அதுவும் இல்லை. நம் ஐ-லீக் கால்பந்தின் 2024-25 பட்டத்தைப் பாருங்கள். ஏப்ரலில் ஆட்டங்கள் முடிந்தன. அகில இந்திய சம்மேளனத்தின் மேல்முறையீட்டுக் கமிட்டி சர்ச்சில் பிரதர்ஸ்தான் சாம்பியன் என்றது. இன்டர் காசி விடவில்லை; சுவிட்சர்லாந்தின் லோசானில் இருக்கும் விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போனது. ஜூலையில் அந்த மன்றம் இன்டர் காசியே சாம்பியன் என்றது. நாங்கள் மில் வாசலில் ராத்திரியோடு முடித்த பஞ்சாயத்துக்கு இன்றைக்குப் பாஸ்போர்ட் வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் வேலை பார்க்கும் என் அக்கா மகன், இந்த விஷயத்தில் எனக்குப் பெரிய ஆறுதல் தருகிறான். அங்கே கல்லூரி ஃபுட்பால் என்றால் பைத்தியம். கையில் பந்தைக் கட்டிப்பிடித்து ஓடுகிறார்களே, அது. நூற்றுக்கு மேல் கல்லூரிகள். ஆளுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று ஆட்டம்தான். எல்லோரும் எல்லோரோடும் மோத வழியே இல்லை. அதனால் 13 பேர் கொண்ட ஒரு கமிட்டி டெக்சாஸில் ஓர் ஓட்டலில் உட்கார்ந்து, யார் நல்ல அணி என்று வரிசை போடுகிறது. இத்தனை கம்ப்யூட்டர் இருக்கிற ஊரில்!

2023இல் நாலு அணிக்குத்தான் இடம். ஃபுளோரிடா ஸ்டேட் ஆடிய 13இலும் ஜெயித்தது. முக்கிய ஆட்டக்காரருக்குக் கால் உடைந்துவிட்டது, இனி முன்போல ஆடாது என்று கமிட்டி அதை ஐந்தாவதாக வைத்தது. எங்கள் பையனின் ஜார்ஜியா 29 ஆட்டம் தொடர்ந்து ஜெயித்து ஒன்றில் தோற்றது, ஆறாவதாகத் தள்ளிவிட்டார்கள். அன்று போனில் அவன் பேசியதை அச்சில் போட முடியாது. நீ பேசுவது அமெரிக்கத் தமிழ் இல்லை, அசல் கருணாபுரத் தமிழ் என்று பாராட்டினேன்.

அடுத்த வருஷம் இடத்தைப் பன்னிரண்டாகக் கூட்டினார்கள். சண்டை ஐந்தாம் இடத்திலிருந்து பதின்மூன்றாம் இடத்துக்கு நகர்ந்தது, அவ்வளவுதான். முதல் நாலு அணிக்கு ‘பை’ உண்டு. ஜார்ஜியாவுக்கு அதில் ஒன்று விழுந்தது. “இப்பத்தான் மாமா சிஸ்டம் சரியாயிருக்கு, கமிட்டின்னா இப்படி இருக்கணும்” என்றான். ஈரச் சொம்பா என்று கேட்க நினைத்து விட்டுவிட்டேன். பிறகு கால் இறுதி வந்தது. ‘பை’ வாங்கிய நாலு அணியும், ஒன்று பாக்கியில்லாமல், தோற்றன. ஜார்ஜியா நோட்டர்டாமிடம் 10-23.

புத்தாண்டு வாழ்த்துச் சொல்ல போன் செய்தால் எடுத்த எடுப்பில் சொன்னான்:

“பை குடுத்தே தோக்கடிச்சிட்டாங்க மாமா.”