உடுக்குறி மறைவியல்: ஒரு முன்னாய்வு

உரைக்கோப்பில் உட்கார்ந்திருக்கும் நட்சத்திரங்கள், இணைய ஆவண எழுதிக்குள் நுழைந்ததும் எங்கே போகின்றன? தொல்காப்பியர் இதைத் தொடவில்லை. உரையாசிரியர்களும் கைவிட்டுவிட்டார்கள். ஆகவே பாரம் அடியேன் தலையில்.

நட்சத்திரக் குறிக்குத் தமிழில் உடுக்குறி என்று பெயர். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் அரிஸ்டார்க்கஸ், ஹோமர் காவியத்தில் வேறிடத்திலும் வரும் அடிகளின் ஓரத்தில் இதைப் பொறித்தார். அங்கே அதற்கு ஒரே வேலை. 2004இல் ஆரோன் ஸ்வார்ட்ஸின் யோசனைகளோடு ஜான் க்ரூபர் மார்க்டவுன் என்ற உரைக் குறிமுறையை வெளியிட்டபோது வேலை பலவாயிற்று: சொல்லின் இருபுறமும் ஒவ்வொன்றாக நின்றால் சாய்வு, இரண்டிரண்டானால் தடிப்பு, மும்மூன்றானால் இரண்டும்; வரித் தொடக்கத்தில் தனியே நின்று, பின்னால் இடைவெளி வந்தால் பட்டியல். கல்யாண வீட்டில் பந்தியையும் பார்த்து, மேளத்தையும் பார்த்து, செருப்பையும் காக்கும் சித்தப்பாவின் நிலைமை.

குறிகள் அப்படியே கிடந்தாலும் கோப்பைப் படிக்க முடிய வேண்டும் என்பதே க்ரூபரின் நோக்கம். அப்படியானால் ஆவண எழுதிக்குள் எதற்கு இறக்குமதி என்று கேட்பவர்கள், மேலதிகாரிக்கு ஒருமுறை நட்சத்திரங்களோடு அறிக்கை அனுப்பிப் பார்க்கட்டும்.

இறக்குமதியில் இரு சம்பிரதாயங்கள் உண்டு. உரையைத் தானே நகலெடுத்து, ‘மார்க்டவுனாக ஒட்டு’ என்று தேடிப் பிடித்து ஒட்டுவது மர்க்கட நியாயம். தாயைக் குரங்குக்குட்டிதான் பற்றிக்கொள்ள வேண்டும். கோப்பை முழுதாக ஒப்படைத்துவிட்டு ‘திறந்தருள்க’ என்று இருப்பது மார்ஜார நியாயம். பூனை கவ்விக்கொண்டு போகும். 2024 ஜூலையில் கூகுள் டாக்ஸ் இரு சம்பிரதாயத்தாருக்கும் கதவைத் திறந்துவிட்டதால் அங்கே வழக்கில்லை. அடியேன் பூனைக் கட்சி. சோதனைக்கு எடுத்த எழுதி எது என்று சொல்வது ஆய்வறமன்று.

ஆய்வுப் பொருள், ஆசாரிக்கு எழுதிய புத்தக அலமாரிக் குறிப்பு. உயரம் ஆறடி, அகலம் நாலடி, ஆழம் ஓரடி. தட்டச்சு வழக்கப்படி 6*4*1 என்று அடித்திருந்தேன். இறக்குமதியானதும் நட்சத்திரங்கள் இரண்டும் மறைந்து, 641 என்று நின்றது. நடுவிலிருந்த நான்கு மட்டும் இலேசாகச் சாய்ந்திருந்தது.

இது பிழையன்று, இலக்கணம். இரு உடுக்குறிகளுக்கு நடுவே இடைவெளியின்றி அகப்பட்டது சாயும். எழுத்தா, எண்ணா என்று குறி பார்ப்பதில்லை. மார்க்டவுனுக்கு 2014இல் வந்த காமன்மார்க் வரையறை, சொல்லின் நடுவே சாய்க்கும் இந்த உரிமையை உடுக்குறிக்குக் கொடுத்து அடிக்கோட்டுக்கு மறுத்தது. பாரபட்சம் வெளிப்படை. ஆயினும் கோப்புப் பெயர்களின் நடுவே அடிக்கோடு போட்டே பழகிய கணினிக்காரர்களைக் கருதினால், காரணம் விளங்கும். பரிகாரங்கள் இரண்டு. குறியின் இருபுறமும் இடைவெளி விட்டு 6 * 4 * 1 என்று எழுதலாம். அல்லது ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் முன்னால் ஒரு பின்சாய்கோட்டைக் காவல் வைக்கலாம். காவலாளி மறைவார், நட்சத்திரம் பிழைக்கும்.

இவ்வளவும் கண்டறிவதற்குள் குறிப்பு ஆசாரியின் கைப்பேசிக்குப் போய்விட்டது. மறுநாள் காலை அழைத்தார். 641 அடியா, அங்குலமா என்றுதான் கேட்பார் என எதிர்பார்த்து விளக்கத்தோடு காத்திருந்தேன்.

“சார், அளவு கிடக்கட்டும். நடுவுல அந்த நாலு மட்டும் சாஞ்சு நிக்குதே, அதுக்கு முட்டுக் கொடுக்கணுமா?”