செக்ரட்டரி சாரும் சிவப்பு சிலிண்டரும்

எங்கள் அடுக்ககத்தில் 4 மாடி, 16 வீடு, 5 தீயணைப்பு சிலிண்டர், 1 செக்ரட்டரி. ஆபத்து நேரத்தில் இவற்றில் எது கைகொடுக்கும் என்று கேட்டால், மாடிப்படியைத்தான் சொல்வேன். அதிலும் யாரும் சைக்கிளைச் சாத்தி வைக்காமல் இருக்க வேண்டும்.

செக்ரட்டரி சார் வங்கியில் லாக்கர் சாவிகளோடு வாழ்ந்து ஓய்வுபெற்றவர். "பத்திரம்" என்ற சொல்லை அவரளவுக்கு யாரும் நேசித்ததில்லை. சிலிண்டர்கள் வந்த அன்றே, கண்ணாடிக் கதவு போட்ட பெட்டிகள் செய்து உள்ளே வைத்தார். பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவில்லை. "தூசி படும் சார்!" பெட்டிக்குப் பூட்டு. "திருடு போகும் சார்!" சாவிகள் எல்லாம் அவர் இடுப்பில். அவரோ மாதத்தில் பாதி நாள் பெங்களூரில், மகள் வீட்டில்.

ஆயுத பூஜைக்கு மட்டும் உறை கழலும். சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ. பொட்டு வைக்க வாகாக வட்டமாக இருப்பது சிலிண்டரின் அழுத்தமானிதான். முள் பச்சையில் நின்றால் உள்ளே அழுத்தம் சரியாக இருக்கிறது என்று பொருள். மாதம் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். அப்படி ஒரு பூஜை நாளில் சந்தனத்தைச் சுரண்டிப் பார்த்தேன். முள் சிவப்பில் படுத்திருந்தது. ஓடிப்போய்ச் சொன்னேன்.

"சிலிண்டரே சிவப்புதானே சார்? முள்ளும் சிவப்புல நிக்குது. பொருத்தமாத்தானே இருக்கு!"

பக்கத்தில் தொங்கிய அட்டையில் வருஷம் தவறாமல் சர்வீஸ் கையெழுத்து இருந்தது. கையெழுத்து போட வந்தவர் பூட்டைக்கூடத் தொட்டதில்லை என்பது வாட்ச்மேனுக்குத் தெரியும்.

ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் 'ஃபோர்ட் ஸ்டிகைன்' என்ற கப்பல் வெடித்தபோது உயிரிழந்த தீயணைப்பு வீரர்களின் நினைவாக அதை அனுசரிக்கிறார்கள். அந்த நாளில் ஒரு செய்முறைப் பயிற்சி வைக்கலாமே என்றேன்.

"அன்னைக்குத் தமிழ்ப் புத்தாண்டு சார். நல்ல நாளும் அதுவுமா நெருப்பைப் பத்தியா பேசறது?"

மறுநாள்?

"அடிச்சுக் காட்டினா பவுடர் வேஸ்ட் ஆயிடும். திரும்ப நிரப்ப யார் காசு குடுப்பா?"

கடைசியில் பயிற்சி நடந்தது, சமோசாவுடன். பின்னைப் பிடுங்கு, குழாயைத் தீயின் அடிப்பாகத்துக்குக் காட்டு, கைப்பிடியை அழுத்து, இடவலமாக வீசு. நாலே வேலை. செக்ரட்டரி சார் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். சிலிண்டரைத் தொடவில்லை.

தீபாவளி ராத்திரி, எவர் வீட்டு ராக்கெட்டோ வாகன நிறுத்தத்தில் கிடந்த பழைய பேப்பர் கட்டில் வந்து விழுந்தது. நல்ல வேளை, சார் ஊரில் இருந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். கொத்தில் இருந்த சாவிகளில் எது என்று தேடினார். கதவு திறந்தது. உறையின் முடிச்சு அவிழவில்லை, பல்லால் கடித்தார். சிலிண்டர் வெளியே வந்தது. அழுத்தினார். அசையவில்லை.

"சார், பின்னு!"

"அதான் பின்னாடியே நிக்கறேனே!"

பின்னைப் பிடுங்கி அழுத்தியதும் சிலிண்டர் ஒரு பெருமூச்சு விட்டது. அவ்வளவுதான். நல்ல நிலையில் உள்ள 6 கிலோ சிலிண்டரே ஏறக்குறைய 15, 20 விநாடிதான் பீச்சும். இது வருஷக்கணக்காக அசையாமல் நின்று, உள்ளே பவுடர் இறுகி, அழுத்தமும் போய், ஓய்வுபெற்றுவிட்டது.

இதற்குள் வாட்ச்மேன் ஈரச் சாக்கைப் போட்டு நெருப்பை அமுக்கிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எப்படிப்பா இவ்வளவு சுருக்கா?"

"தெனமும் குப்பை கொளுத்தறவன் சார். அணைக்கத் தெரியாதா?"

அடுத்த வாரம் சங்கக் கூட்டம். செக்ரட்டரி சார் தீர்மானம் கொண்டுவந்தார்: மாடிக்கு ஒன்று வீதம் புதுச் சாக்கு வாங்க வேண்டும், வாங்கி, பத்திரமாகப் பூட்டி வைக்க வேண்டும். ஒருமனதாக நிறைவேறியது.

சிரித்தது போதும். எழுந்துபோய் உங்கள் மாடி சிலிண்டரின் முள் எந்த நிறத்தில் நிற்கிறது என்று பாருங்கள். அப்படியே சாவி யாரிடம் இருக்கிறது என்றும் கேட்டுவையுங்கள்.