மெயின் சுவிட்ச் மகானுபாவர்

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்திலேயே ஒரு டெஸ்டரையும் செருகிக்கொண்டு, தெருவுக்கு ஒருவராவது நம் ஊர்களில் இருக்கிறார். கரண்டு போனதும் மற்றவர்கள் விசிறியைத் தேடி ஓட, இவர் மட்டும் மெயின் சுவிட்சை அணைப்பதற்காக நிதானமாக எழுந்து போவார். மின்சாரம் போவதைப் பற்றி இவருக்கு எள்ளளவும் விசாரம் கிடையாது. அது திரும்பி வருவதுதான் பயம். தெருவிலுள்ள ஃபிரிட்ஜுகளும் மோட்டார்களும் ஒரே சமயத்தில் விழித்துக்கொண்டு இழுக்கிற இழுப்பில், வருகிற கரண்டு முதலில் தாழ்ந்தும் பின்பு எகிறியும் தத்தளித்த பிறகே 230 வோல்ட்டை ஒட்டி நிலைகொள்ளும் என்பது இவருடைய சித்தாந்தம். சாஸ்திரமும் இவர் பக்கமே இருக்கிறது என்பதுதான் நமக்குள்ள சங்கடம்.

ஆகையால் எங்கள் தெருவுக்கு வாய்த்த மகானுபாவர், கரண்டு வந்துவிட்டது என்று ஊரே ஆரவாரம் செய்தாலும், பெண் பார்க்க வந்தவர்களிடம் விசாரிப்பதைப்போல் அதன் குலம் கோத்திரத்தை வாசலிலேயே விசாரிப்பார். முதலில் ஒரு குண்டு பல்பு எரியும்; அது மங்குகிறதா, கண்ணைப் பறிக்கிறதா என்று பார்த்துத் திருப்தியடைந்த பிறகே மின்விசிறிக்கு உத்தரவாகும். ஃபிரிட்ஜின் முறை கடைசியில். கம்ப்ரஸருக்குள் இருபுறமும் வாயுவின் அழுத்தம் சமனாக மூன்று நான்கு நிமிஷம் வேண்டும், அதற்குள் ஓடவிட்டால் மோட்டார் திணறிக் காயில் கருகிப்போகும் என்பதைக் கீரை விற்கிற அம்மாளுக்குக்கூட அவர் போதித்திருக்கிறார். அந்தத் தாமதத்தைத் தானே அனுசரிக்கும் ஸ்டெபிலைசர் வீட்டில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் ஒரு யந்திரத்தை நம்பி மற்றொரு யந்திரத்தை ஒப்படைக்க அவர் மனம் இடம் தருவதில்லை. மின்வெட்டு நேரத்தில் ஃபிரிட்ஜின் கதவைத் திறப்பதோ மகாபாதகம். மூடியே வைத்தால் 4 மணி நேரம் குளிர்ச்சி தாங்கும் என்பது வாஸ்தவமே. திறக்கவே கூடாதென்றால் பாலை உள்ளே வைத்தது யாருக்காக என்று அவருடைய சம்சாரம் கேட்கிற கேள்விக்குத்தான் இன்றுவரை அவரிடம் பதில் இல்லை.

2012-ஆம் வருஷத்தில் சென்னைக்கு வெளியே பல ஊர்களில் நாளொன்றுக்கு 10 மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு இருந்ததே, அதுதான் அவருடைய பொற்காலம். ஊரார் அவரைக் கலந்துகொள்ளாமல் இன்வெர்ட்டர் வாங்கியதில்லை. பேட்டரிக்குக் குழாய்த் தண்ணீரை ஊற்றித் தகடுகளைக் கெடுத்தவர்களோடு அவர் வெகுநாள் பேசவுமில்லை. துளசிமாடத்துக்குத் தண்ணீர் ஊற்றாத நாள் அந்த வீட்டில் உண்டு. கோடையில், கரியும் உப்பும் இட்ட எர்த் குழிக்கு ஊற்றாத நாள் கிடையாது.

போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி, மரக்கிளை முறிந்து விழுந்து நியூட்ரல் கம்பி அறுந்துபோக, எதிர்வீட்டுக்குள் 400 வோல்ட்டை நெருங்கிக்கொண்டு பாய்ந்த மின்சாரத்தில் டிவியும் ஃபிரிட்ஜும் செல்போன் சார்ஜரும் ஒருங்கே பிராணனை விட்டன. விடிந்ததும் துக்கம் விசாரிக்கப் போனவர், முகத்தில் துக்கத்தை வரவழைத்துக்கொள்ளப் பட்ட சிரமம் கொஞ்சமல்ல.

"ராத்திரியானா பிளக்கைப் பிடுங்கி வைக்கணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே தம்பி!"

தம்பி தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய மனைவிக்குத்தான் சமயோசிதமான யோசனை தோன்றிற்று.

"உங்க வீட்டு டிவி நல்லாத்தானே இருக்கு மாமா? சாயங்காலம் மேட்ச் பார்க்கப் பசங்களை அனுப்பட்டுமா?"

"அதுக்கென்னம்மா, கடையிலேருந்து கொண்டுவந்த அன்னிக்கு இருந்த மாதிரியே இருக்கு" என்றவர், வாசலுக்கு வந்து வானத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். "மேற்கே கருக்கிட்டு வருது பாரு. இப்போ பிளக்கைச் செருகறதுக்கு நேரம் சரியில்லை."